துறையும் பூங்காவும்: காவிரிப் படுகையின் குழந்தைமை நினைவுரைகளில் இழவும் அசைவும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவத்தில் விளையாடிய இடம் மூடப்பட்டபின் அதனை நினைந்து உரைப்பது இன்றைய தமிழ் உரைநடையில் பெருகிவரும் வகைகளுள் ஒன்று. தஞ்சாவூர்ச் சிவகங்கைப் பூங்காவைப் பற்றிய நினைவுரைகள் காவிரிப் படுகையிலிருந்து இதற்குக் கிடைக்கும் அண்மைச் சான்றாகும். இவ்வகையினைப் புறநானூற்றின் 243ஆம் பாடலோடும் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலின் தொடக்கப் பகுதியோடும் இக்கட்டுரை ஒப்பவைத்துக் காண்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையின் களங்களாகக் கூறும் இழவு, அசைவு ஆகிய இரண்டும் ஒப்பீட்டின் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. பூங்கா நினைவுரை இழந்த பொருளைப் பட்டியலிடுவதோடு நிற்கும்போது ஆறுதலாக மட்டுமே அமைகிறது. அவ்விடம் யாருக்கு உரியதாக இருந்தது என்று வினவும்போதே சமூக நினைவாக உயர்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நினைவுரை, குழந்தைமை, சிவகங்கைப் பூங்கா, துறை, கையறுநிலை, இழவு, அசைவு, காவிரிப் படுகை.

முன்னுரை

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் மதிலை அடுத்து, சின்னக்கோட்டை எனப்படும் சிவகங்கைக் கோட்டைக்குள் அமைந்தது சிவகங்கைப் பூங்கா. படுகையின் சிற்றூர்களிலிருந்து தஞ்சைக்கு வந்த குடும்பங்களுக்குப் பெரிய கோயில் தரிசனமும் பூங்காவும் ஒரே பயணத்தின் இரு பகுதிகளாக இருந்தன. சிறுவர் ரயில், படகு, ஊஞ்சல், சறுக்குமரம், கம்பிவலைக்கு அப்பால் நின்ற மான்கள் ஆகியவை மூன்று தலைமுறையினரின் நினைவில் இடம்பெற்றவை. 2016-இல் தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்திற்குத் தேர்வு பெற்றது. அதன்பின் சீரமைப்புப் பணிகளுக்காகப் பூங்கா ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. மான்கள் வேறிடத்திற்கு மாற்றப்பட்டன. அக்காலத்தில் தொடங்கி, பூங்காவில் கழிந்த சிறுபருவத்தை ஏக்கத்தோடு கூறும் நினைவுரைகள் எழுத்திலும் பேச்சிலும் பெருகின.

இவ்வகை நினைவுரைகளை இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவை மென்மையானவை, தனிமனிதச் சார்பானவை, ஆய்வுக்கு உரியன அல்ல என்னும் எண்ணமே அதற்குக் காரணம். ஆயின் கழிந்த விளையாட்டை நினைந்து வருந்துதல் தமிழில் சங்கப் பாடல் தொட்டு வரும் பொருள். அம்மரபோடு வைத்துப் படிக்கும்போதுதான் இன்றைய நினைவுரை எதனை அடைந்துள்ளது, எதனைத் தவறவிட்டுள்ளது என்பன புலனாகும்.

மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

ஏக்கத்தை ஆராயும் மேலைக் கோட்பாடுகள் தமிழ் ஆய்வில் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. 1688-இல் யோகானசு ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுரையில், அயலகத்தில் வாழ்ந்த சுவிட்சர்லாந்தினரின் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக விளக்கி, அதற்குப் புதுப்பெயரும் இட்டார். சுவெத்லானா போய்ம் 2001-இல் வெளியிட்ட நூல், இழந்ததை மீளக் கட்ட முனையும் ஏக்கம், இழப்பை எண்ணிப் பார்ப்பதில் நிலைகொள்ளும் ஏக்கம் என அதனை இரண்டாகப் பகுத்தது. இப்பகுப்பு பயனுடையதே. ஆனால் அது ஏங்குவோரின் மனப்போக்கைப் பிரித்துக் காட்டுகிறதே அன்றி, இழக்கப்பட்டது எது என்பதைப் பிரித்துக் காட்டுவதில்லை.

இதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. உவகை தோன்றும் களங்கள் நான்கனுள் விளையாட்டும் ஒன்றாக அங்கு வைக்கப்பட்டுள்ளது. அழுகையின் களங்கள் நான்கனுள் இழவும் அசைவும் அடங்கும். சுற்றத்தாரையும் இன்பந்தரும் நுகர்பொருள்களையும் இழத்தல் இழவு என்றும், முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையினராகி வருந்துதல் அசைவு என்றும் பேராசிரியர் வேறுபடுத்துவார். இளம்பூரணர் அசைவினைத் தன்னிலையில் தாழும் தளர்ச்சியாகக் கொள்வார். இழவில் இழந்தவர் அப்படியே இருக்க, அவருக்குப் புறத்தே உள்ள ஒன்று இல்லாமற் போகிறது. அசைவில் புறத்தே உள்ளது இருக்க, அதனைத் துய்த்தவரின் நிலை மாறிவிடுகிறது.

குழந்தைமை நினைவுரையில் உவகையும் அழுகையும் ஒருங்கே நிற்கின்றன. விளையாட்டு உவகைக்குக் களமாகிறது. அதன் முடிவு அழுகைக்குக் களமாகிறது. அவ்வழுகை இழவின்பாற்பட்டதா, அசைவின்பாற்பட்டதா என்பதே ஒரு நினைவுரையின் தன்மையை முடிவுசெய்கிறது எனலாம்.

புறநானூறு 243: பெயரில்லாத் துறை

தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்று 243ஆம் பாடல் குழந்தைமை ஏக்கத்தைப் பாடும் தமிழ்ப் பாடல்களுள் முதன்மையானது. புலவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. முதுமையில் ஊன்றிய பூண் கட்டிய கோலைக் குறிக்கும் அவரது சொல்லாட்சியே அவருக்குப் பெயராயிற்று.

பாடல் மூன்று நிலைகளில் இயங்குகிறது. முதலில், ஈரமணலில் பாவை செய்து பூச்சூட்டியதும், நீர்நிலையில் ஆடிய மகளிரோடு கைகோத்து அவர் அசைந்தவழி அசைந்ததும் கூறப்படுகின்றன. அடுத்து, ஒளிவுமறைவு அறியாத தோழரோடு நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழத்தில் பாய்ந்து, அடிமணலை அள்ளிவந்து காட்டியது கூறப்படுகிறது. இறுதியில், கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு இடையே சில சொற்களே பேச இயலும் இன்றைய முதுமை கூறப்படுகிறது.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பாடலில் விளையாட்டுக் கருவி என்று எதுவும் இல்லை. மணல், பூ, மரம், நீர் ஆகியவை எவராலும் விளையாட்டிற்கென்று செய்து வைக்கப்பட்டவை அல்ல. விளையாட்டு முழுவதும் செயல்களால் ஆனது. பாடலும் வினைகளாலேயே நடக்கிறது. செய்தல், சூட்டுதல், கோத்தல், ஏறுதல், பாய்தல், காட்டுதல் என உடலின் ஆற்றல் ஒவ்வொன்றாக அடுக்கப்படுவதால், இறுதியில் வரும் நடுக்கமும் இருமலும் தாமே எதிர்நிலையாகி விடுகின்றன.

இரண்டாவது, அத்துறை அழிந்ததாகப் பாடல் எங்கும் கூறவில்லை. மருதமரம் அங்கேயே நிற்கலாம். வேறு சிறுவர் அதிலிருந்து பாய்ந்துகொண்டிருக்கலாம். இழந்தது இடம் அன்று, பாயும் உடல். எனவே இப்பாடலின் அழுகை இழவு அன்று, அசைவு. இது பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையில் வைக்கப்பட்டிருப்பது இவ்விடத்தில் நுட்பமான பொருளைப் பெறுகிறது. இறந்த தலைவனை எண்ணி அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்துவதற்கு உரிய துறை அது. இங்கே மாண்ட தலைவனின் இடத்தில் பாடுவோனின் இளமையே வைக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, அத்துறைக்குப் பெயர் இல்லை. ஆற்றின் பெயரோ, ஊரின் பெயரோ, அதனை ஆண்ட வேந்தன் பெயரோ பாடலில் வரவில்லை. முதுமையைச் சொல்லும்போது புலவர் தன்மைப் பன்மையில் பேசுகிறார். பெயரில்லா இடமும் பன்மைக் குரலும் சேர்ந்து, ஒருவரின் நினைவை எவரும் தமதாக்கிக்கொள்ளத்தக்க பொது நினைவாக்குகின்றன. இப்பாடல் இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் புதிதாக ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

உத்தமதானபுரம்: இன்மைகளின் பட்டியல்

புறநானூற்றை 1894-இல் முதன்முதலாக அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் அப்போது காவிரிக் கரையில் உள்ள கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். பிறந்தது 1855-இல்; சொந்த ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். கையறுநிலைப் பாடலைச் சுவடியிலிருந்து மீட்டவர், தம் எண்பதைக் கடந்த வயதில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது, முதலில் தம் ஊரை நினைந்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நூல், 1942-இல் அவர் மறைந்தமையால் நிறைவுறாது நின்றது.

ஊரைப் பற்றிய அத்தொடக்க இயலில் நினைவுரையின் வேறொரு வடிவம் காணப்படுகிறது. தம் இளமைக்கால ஊரில் எவையெல்லாம் இல்லை என்பதை ஆசிரியர் முதலில் அடுக்குகிறார். சாலை, கடை, அரசு அலுவலர், ரயிலோசை முதலியன அப்போது அங்கு இல்லை. அதன்பின் எவை இருந்தன என்று அடுக்குகிறார். அவை அழகு, அமைதி, மனநிறைவு போன்ற கட்புலனாகாப் பண்புகள். வசதிகளின் இன்மைக்கு எதிரே பண்புகளின் உண்மை நிறுத்தப்படுகிறது.

இது புறப்பாடலின் அசைவு அன்று. முதுமையின் தளர்ச்சி இங்குப் பேசுபொருள் ஆகவில்லை. ஊரும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஊரின் நிலை மாறியது. அசைவு மனிதரிடமிருந்து இடத்திற்கு மாற்றப்பட்டுள்ளது எனலாம். காவிரிப் படுகையின் பிற்கால உரைநடையில் ஊர் நினைவு பெரிதும் இவ்வடிவத்தையே பின்பற்றியது. ஊர் இருந்தும் அந்த ஊர் இல்லை என்பதே அதன் மையக் கூற்று. கூடவே ஒரு வரையறையும் பின்தொடர்ந்தது. உத்தமதானபுரத்தின் தோற்றக் கதையே அரசன் ஒருவன் அந்தணர்க்கு அளித்த கொடையைப் பற்றியது. அங்கு நினைக்கப்படும் ஊர் பெரும்பாலும் அக்கிரகாரமே. பெயரில்லாத் துறையின் பொதுமை, பெயர் பெற்ற ஊரின் உரிமையாக இவ்விடத்தில் சுருங்கிவிடுகிறது.

சிவகங்கைப் பூங்கா: நகராட்சி அமைத்த துறை

சிவகங்கைப் பூங்காவின் நடுவே இருப்பது குளம். பூங்கா அதனைச் சூழ்ந்து பின்னர் அமைந்தது. நாயக்கர் காலக் கோட்டைக்குள் அமைந்த இக்குளம் தஞ்சை நகரின் நீர்வழங்கு அமைப்பில் ஒரு கண்ணி. செவ்வப்ப நாயக்கன் ஏரியில் தேங்கிய மழைநீர் சிவகங்கைக் குளத்தை அடைந்து, அங்கிருந்து நிலத்தடி நீர்வழிகள் மூலம் அய்யன்குளம் முதலிய நகர்க்குளங்களுக்குச் சென்றது. ஒரு பக்கம் இராசராசன் எடுத்த கோயில், மறுபக்கம் 1779-இல் சுவார்ட்சு பாதிரியார் கட்டிய தேவாலயம், இடையே இக்குளம்.

1866-இல் தஞ்சாவூர் நகராட்சி அமைந்தது. 1871-72-இல் அது இக்குளத்தைச் சூழ்ந்த நிலத்தை மக்கள் பூங்காவாக ஆக்கியது. 'மக்கள் பூங்கா' என்பது அக்காலத்தில் உலகெங்கும் பரவிவந்த ஒரு கருத்து. இங்கிலாந்தில் 1847-இல் திறக்கப்பட்ட பர்க்கன்எட் பூங்கா, பொதுப்பணத்தில் பொதுமக்களுக்கென அமைந்த பூங்காக்களுக்கு முன்னோடி. சென்னையில் ஆளுநர் சார்லசு டிரெவெலியன் காலத்தில், 1859-60-இல் மக்கள் பூங்கா உருவாக்கப்பட்டது. சென்னைப் பூங்காவின் பின்வரலாறு எச்சரிக்கை போன்றது. அதன் நிலத்தில் விக்டோரியா மண்டபமும், மூர் மார்க்கெட்டும், ரிப்பன் மாளிகையும், விளையாட்டரங்கும் அடுத்தடுத்து எழுந்தன. பூங்கா துண்டு துண்டாகக் கரைந்தது. 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டை நினைந்து எழுதுவோர் பலர். அதற்கு முன் அங்கிருந்த பூங்காவை நினைந்து எழுதுவோர் அரியர். ஓர் இழவு மற்றோர் இழவை மறைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

தஞ்சைப் பூங்காவைப் பற்றிய நினைவுரைகளின் அமைப்பு இனி நோக்கத்தக்கது. அவை பொதுவாகப் பொருட்பட்டியலாக அமைகின்றன. ரயில், படகு, மான், சறுக்குமரம், வாயிலில் வாங்கிய தின்பண்டம் என்று நினைவு பொருளிலிருந்து பொருளுக்குத் தாவுகிறது. புறப்பாடலில் வினைகள் நின்ற இடத்தில் இங்குப் பெயர்கள் நிற்கின்றன. பாய்ந்தவன் சிறுவன் என்பது அங்கு. சிறுவனை ஏற்றிச் சென்றது ரயில் என்பது இங்கு. விளையாடுவோர் துய்ப்போராக மாறியதன் மொழியடையாளம் இது. சாமிநாதையர் இயந்திர வசதிகளின் இன்மையில் ஊரின் அழகைக் கண்டார். அடுத்த நூற்றாண்டின் நினைவுரையோ ஓர் இயந்திரம் நின்றுபோனதையே அழகின் முடிவாகக் காண்கிறது. ரயிலோசை இல்லாமையை ஒரு தலைமுறை நினைந்தது. சிறுவர் ரயிலின் ஓசை இல்லாமற் போனதை மற்றொரு தலைமுறை நினைகிறது.

மேலும், இது முழுமையான இழவு. நினைப்பவர் முப்பதோ நாற்பதோ வயதினர், உடல் தளராதவர். தம் குழந்தையை அதே இடத்திற்கு அழைத்துச் செல்ல விழைபவர். அவர் சென்று நின்றபோது கதவு மூடியிருந்தது. புறப்பாடலில் துறை இருக்க ஆள் தளர்ந்தார்; இங்கு ஆள் இருக்க இடம் மறைந்தது. முதுமைக்கு மருந்து இல்லை. ஆதலின் அசைவு இரக்கத்தோடு முடிகிறது. மூடிய கதவுக்கோ ஒரு காரணமும் அதற்குப் பொறுப்பானதோர் அமைப்பும் உண்டு. எனவே இழவு, இரக்கத்தோடு முடிய வேண்டியதில்லை. அது வினாவாக மாறலாம். பூங்கா நினைவுரைகளில் பெரும்பாலானவை அவ்வினாவின் வாயில்வரை வந்து திரும்பிவிடுகின்றன. கதவு திறக்கப்பட்டுப் புதிய கருவிகள் நிறுவப்பட்டால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்பது அவற்றின் உட்கிடை. பூங்காவின் நடுவே உள்ள குளமும், அக்குளத்திற்கு வரும் நீரும் அவற்றில் பின்னணிக் காட்சியாகவே நிற்கின்றன.

கதவில்லாத மூடல்

பூங்காவிற்குக் கதவு உண்டு. ஆதலால் அது மூடப்பட்ட நாளை எவரும் குறிக்கலாம். படுகையின் உண்மையான விளையாட்டிடமான ஆற்றுத்துறைக்குக் கதவு இல்லை. அது மூடப்பட்டது எந்நாள் என்று குறிக்க இயலாது.

படுகைச் சிறாரின் விளையாட்டு நாட்காட்டி நீரின் நாட்காட்டியோடு இணைந்தது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின், ஜூன் 12-இல் அணை திறப்பதும் ஜனவரி 28-இல் மூடுவதும் வழக்கமாயின. குறுவைக்குத் திறந்த நீர் காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பாய்ந்து வாய்க்கால்களை நிறைக்கும்போது நீச்சற்பருவம் தொடங்கும். ஆடிப் பதினெட்டில் பெண்கள் துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைக்க, சிறுவர் சிறுசப்பரங்களைத் தெருவில் இழுத்துச் செல்வர். பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவம் படுகைத் தெருக்களில் ஆண்டுக்கொரு முறை உயிர்பெறும் நாள் அது. தையில் நீர் வடிந்தபின், கோடையில் ஆற்றுமணலே விளையாட்டுத் திடலாகும். நீர் இருப்பினும் இல்லாதொழியினும் ஆறு சிறார்க்கு உரியதாக இருந்தது.

இந்நாட்காட்டி குலைந்தது. காவிரிப் பங்கீட்டுச் சிக்கல் 1990-இல் நடுவர் மன்றத்திற்குச் சென்று, 2007-இல் இறுதித் தீர்ப்பையும் 2018-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பையும் கண்டது. இதனிடையே 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் தொடர்ச்சியாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. 2020-இல்தான் அவ்வழக்கம் மீண்டது. எட்டாண்டு என்பது வேளாண் கணக்கில் எட்டுக் குறுவை. ஒரு சிறுவனின் கணக்கில் அது ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான முழுக் குழந்தைமை. மணல் அள்ளப்பட்டமையால் படித்துறைக்கும் ஆற்றுப்படுகைக்கும் இடையே பள்ளம் விழுந்த ஊர்களும் உண்டு. அங்கு நீர் வந்தபோதும் அது சிறார் இறங்கத்தக்க துறையாக இல்லை.

பூங்கா மூடப்பட்டது செய்தியாயிற்று. துறை மூடப்பட்டது செய்தியாகவில்லை. ஒரே காலப்பகுதியில் நிகழ்ந்த இவ்விரு மூடல்களையும் இணைத்துக் காணும் நினைவுரை தமிழில் வளரவில்லை. தி. ஜானகிராமனும் சிட்டியும் ஆற்றின் போக்கைத் தொடர்ந்து சென்று எழுதிய 'நடந்தாய், வாழி, காவேரி!' 1971-இல் வெளிவந்தது. ஆற்றை முழுமையாகக் காணும் அத்தகைய நோக்கு, குழந்தைமை நினைவுரைக்குள் இன்னும் இடம்பெறவில்லை. சிவகங்கைக் குளத்தின் நீர்வழி அடைபட்டதும், ஆற்றுத்துறையின் நீர் வராமற் போனதும், படகு நின்றதும் ஒரே கதையின் இயல்கள். படகை மட்டும் நினைப்பது அக்கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பதாகும்.

நினைவில் இடம்பெறாத சிறார்

துறையைப் போற்றும்போது மற்றொரு வினாவையும் தவிர்க்க இயலாது. எல்லாச் சிறாரும் எல்லாத் துறையிலும் இறங்க முடிந்ததா என்பதே அது. படுகையின் ஊர்களில் துறைகள் சாதியின்படி பிரிக்கப்பட்டிருந்தன. சேரிச் சிறார்க்கு மேல்துறை விலக்கப்பட்டது. பண்ணையாள் முறை நிலவிய காலத்தில், உழைப்போர் வீட்டுச் சிறுவனின் பகற்பொழுது பண்ணையின் மாடுகளோடு கழிந்தது. ஆறு அவனுக்கு மாடு குளிப்பாட்டும் இடம். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த அமைப்பை எதிர்த்து, 1940-களில் பி. சீனிவாசராவ் முதலானோர் விவசாயத் தொழிலாளரைத் திரட்டினர். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரில் சிறார் பலர். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' ஆகிய புதினங்கள் அந்நிகழ்வை எழுதின. படுகையின் குழந்தைமை என்னும் பொருளில் ஆய்வு செய்வோர் இப்புதினங்களையும் அப்பொருளுக்கு உரிய பனுவல்களாகக் கொள்ளுதல் வேண்டும். அவற்றை ஒதுக்கிவிட்டு ஆற்றுமணல் நினைவுகளை மட்டும் தொகுத்தால், ஒருசாராரின் ஓய்வு அனைவரின் குழந்தைமையாகக் காட்டப்பட்டுவிடும்.

பெண் சிறாரின் நிலையும் இவ்வாறே. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் நீராடலும் ஊசலும் இடம்பெறுகின்றன. மரபு நீரையும் ஊஞ்சலையும் பெண்குழந்தைக்கே சிறப்பாக உரியனவாக வைத்தது. புறப்பாடலிலும் முதல் நிலையில் மகளிர் உள்ளனர். ஆயின் பாய்ச்சல் நிகழும் இரண்டாம் நிலையில் அவர்களைக் காணோம். நடைமுறை வாழ்வில் பருவமெய்திய பெண்ணுக்கு ஆறு நீந்தும் இடமாக இல்லாமல், குடமெடுக்கும் இடமாகச் சுருங்கியது. இதன் விளைவாக ஆற்றுநீச்சல் நினைவுரை பெரிதும் ஆண்களின் இலக்கியமாக வளர்ந்தது.

இவ்விடத்தில் பூங்காவின் மதிப்பு புதிதாகத் தோன்றுகிறது. பக்கத்தில் உள்ள பெரிய கோயில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1939-இல்தான் திறந்துவிடப்பட்டது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, பெயரளவிலேனும் 'மக்கள்' என்னும் சொல்லைத் தாங்கிய ஓர் இடம் அதன் மதிலோரத்தில் அமைந்தது. பின்னாளில் சிறு கட்டணத்தில் எவர் வீட்டுக் குழந்தையும் அதே ரயிலில் ஏறியது. பெண்குழந்தை பொதுவெளியில் ஊஞ்சலாடியது. சாதித்துறைகளும் ஆண்துறைகளுமாகப் பிளவுண்டிருந்த படுகையில், வரிசையில் நின்றோர் அனைவர்க்கும் பொதுவான விளையாட்டிடம் என்பது எளிய செய்தி அன்று. புறப்பாடல் கற்பனையில் தந்த பெயரில்லாத் துறையின் பொதுமை, குறைகளோடேனும் நகராட்சிப் பூங்காவில் ஓரளவு நிகழ்ந்தது.

எனவே பூங்கா நினைவுரையை வெறும் நுகர்வேக்கம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அதன் குறை, அது தன் உண்மையான பேற்றை அறியாமையே. ரயிலை இழந்ததாக அது வருந்துகிறது; அந்த ரயிலில் தன் அருகே அமர்ந்தவர் யார் என்பதை நினைப்பதில்லை. இழக்கப்பட்டது கருவி மட்டுமாயின் புதுக்கருவி அதற்கு ஈடாகும். இழக்கப்பட்டது எளிய கட்டணமும், எவரும் நுழையும் உரிமையும், குளத்தங்கரையின் பொதுமையுமாயின், அழகுபடுத்தப்பட்ட வாயில் அவற்றுக்கு ஈடாவதில்லை.

முடிவுரை

காவிரிப் படுகையின் குழந்தைமை நினைவுரைகள் மூன்று வடிவங்களில் அமைகின்றன. புறநானூற்றுப் பாடலில் இடம் நிலைக்க, மனிதர் அசைவுறுகின்றார். 'என் சரித்திர'த்தில் ஊர் நிற்க, ஊரின் நிலை அசைவுறுகிறது. சிவகங்கைப் பூங்கா நினைவுரையில் மனிதர் நிற்க, இடம் இழவாகிறது. வினைகளால் நடந்த நினைவு பண்புகளின் பட்டியலாகி, பின் பொருள்களின் பட்டியலாகிறது. இது நடைவேறுபாடு மட்டுமன்று. விளையாட்டு என்பதன் பொருளே மாறிவந்ததன் பதிவாகும்.

அசைவை மாற்ற இயலாது. ஆதலின் அதற்குரிய சொல் இரக்கம். இழவு மனிதச் செயலால் நேர்ந்ததாயின் அதற்குரிய சொல் கேள்வி. பூங்கா நினைவுரை இரக்கத்தின் மொழியில் கேள்வியைப் புதைத்துவிடுகிறது. அதனைத் தோண்டியெடுப்பது திறனாய்வின் கடமை. யார் வரமுடிந்தது, யார் வரமுடியவில்லை, நீர் எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது என்னும் வினாக்களோடு எழுதப்படும் நினைவுரை, மூடிய கதவின்முன் நின்று ஏங்குவதோடு அமையாது. அவ்விடத்தின்மேல் பொதுமக்களுக்குள்ள உரிமையையும் எடுத்துரைக்கும்.

தொடித்தலை விழுத்தண்டினார் ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிவந்து கரையில் நின்றோர்க்குக் காட்டினார். தான் ஆழத்தைத் தொட்டதற்கு அம்மணலே சான்று. குழந்தைமையை எழுதுவோரிடமும், அவ்வெழுத்தை ஆராய்வோரிடமும் எதிர்பார்க்கத்தக்கது அத்தகைய சான்றே.